ஐந்தாவது பூசணி

மாடிக்கு வாடகைக்கு ஆள் வராவிட்டால், குளிர் தொடங்குமுன் வீட்டைக் காலி செய்துவிட்டுத் தன்னோடு வந்துவிட வேண்டும் என்று மகன் கறாராகச் சொல்லியிருந்தான். தையல்காரி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் பூசணி அறுக்கப் போனாள்.

பிஞ்சிலேயே ஊசியால் பெயரைக் கீறிவிட்டால் காயோடு எழுத்தும் தழும்பாக வளரும். தனக்கும், தன் வீட்டுக்காரருக்கும், மகனுக்கும், மருமகளுக்கும் என நாலு காயில் கீறியிருந்தாள். இப்போது ஐந்து கிடந்தது. ஐந்தாவதில் ‘மாடிக்காரர்’ என்று அவளுடைய கோணல் எழுத்து முற்றியிருந்தது.

“மாடிதான் பூட்டிக் கெடக்கே, யாருக்கு எழுதின?” என்றார் வீட்டுக்காரர்.

“நான் எழுதல. அதுக்காக அடுத்தவங்க காயை நாம திங்கறதா?”

கொண்டுபோய் மாடிக் கதவோரம் வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் மத்தியானம் மாடியில் காய் நறுக்கும் சத்தம் கேட்டது. சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. வீட்டுக்காரர் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. அவள் மகனுக்குப் போன் போட்டாள்.

“மாடிக்கு ஆள் வந்தாச்சுடா. நாங்க எங்கேயும் வரல.”

“யாரும்மா?”

“இரு, கேட்டுச் சொல்றேன்” என்றாள்.

மேலே கத்திச் சத்தம் நின்றது.