ரோடுகிங்கின் பின்சீட்

“எஸ்டி பைக்குல கிளாசிக்கையே எடுத்துக்கங்கய்யா. வெலையும் கொறச்சல், உங்க வயசுக்கும் ஏத்ததுங்க,” என்றான் பழைய வண்டி விற்கும் கிஷன்.

“ரோடுகிங் மலை ஏறுமுங்களா?” பக்கத்தில் நின்ற இன்னொரு எஸ்டியைக் காட்டிக் கேட்டார் சென்னியப்பன்.

“ரெண்டு பேரை ஏத்திக்கிட்டு ஊட்டிக்கே போயிருமுங்க. ஆனா அது வயசுப் பசங்க வண்டி, உங்களுக்கு எதுக்குங்க?”

கிஷன் சிரித்தான். சென்னியப்பன் சிரிக்கவில்லை. ரோடுகிங்கின் பின்சீட்டைத் துண்டால் துடைத்தார்.

“எம் பொண்ணு இதுல உக்காந்துதானுங்க அந்தப் பையனோட போனா. வெட்டிப்போடறேன்னு அருவாளோட தொரத்துனேன். வண்டி நம்பர் இன்னும் மறக்கலீங்க.”

கிஷனின் சிரிப்பு நின்றது. போன வாரம் கைக்குழந்தையோடு வந்து இந்த வண்டியை விற்றவள், ‘யாரு கேட்டாலும் எங்க ஊரைச் சொல்லிப்போடாதீங்கண்ணா’ என்று கும்பிட்டுவிட்டுப் போயிருந்தாள்.

“வண்டியை அவளுக்கே திருப்பிக் குடுக்கணுமுங்க.” சென்னியப்பன் கைகூப்பினார். “எந்த ஊர்ல இருக்கான்னு மட்டும் சொல்லுங்க, தம்பி.”