கணவர் சொல்லாத சொல்

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு மார்ச் மாத வெயில், லண்டன் ஆஸ்பத்திரி ஜன்னல் வழியே சூடில்லாமல் விழுந்து கிடக்கிறது. கனகாம்பிகை இடது கையை நீட்டியபடி நாற்காலியில் சாய்ந்திருக்கிறாள். மருந்துப் பை கம்பியில் தொங்குகிறது; ஊசி இன்னும் ஏற்றவில்லை. பக்கத்தில் கணவர் பாலேந்திரா, அவளுடைய கோட்டை மடியில் வைத்திருக்கிறார். நோர்பரியில் இருக்கும் வீட்டிலிருந்து ஒவ்வொரு முறையும் கூடவே வந்து, டாக்டர்கள் பேசுவதை அவளுக்குத் தமிழில் சொல்பவர் அவர்தான். இன்றைக்குப் புது நர்ஸ், அமராவதி என்ற மலேசியத் தமிழ்ப் பெண். நரம்பைத் தடவித் தேடிக்கொண்டே, "இது இன்னும் சோதனையில இருக்கிற கேன்சர் மருந்து, அக்கா. வேணாம்னா எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம், தெரியும்தானே?" என்கிறாள்.

கனகாம்பிகை நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொள்கிறாள். "கேன்சரோ? குடல்புண் எண்டெல்லோ இவர் சொன்னவர்." அமராவதியின் விரல்கள் அப்படியே நின்றுவிடுகின்றன. பாலேந்திரா அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரைப் பார்க்கிறார். "நீர் பயந்துபோவீர் எண்டுதான்..."

"பிள்ளையளுக்குத் தெரியுமோ?"

அவர் மடியிலிருக்கும் கோட்டின் பொத்தானைத் திருகுகிறார். அடுத்த நாற்காலிக்காரரின் ரேடியோ மெதுவாகப் பாடுகிறது.

"அப்ப எல்லாருக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக் கடுதாசியளிலை நீங்கள் காட்டின இடத்திலை எல்லாம் நான் கையெழுத்து வைச்சனே." அவள் குரல் உயரவில்லை. அவர் அவளுடைய தோளைத் தொட வரும்போது அவள் விலகுகிறாள். "வெளியிலை இருங்கோ."

பாலேந்திரா எழுந்து, கோட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல், அதையும் தூக்கிக்கொண்டு போகிறார். கதவு மூடுகிறது. கனகாம்பிகை நர்ஸின் பக்கம் திரும்பி நிமிர்ந்து உட்காருகிறாள்.

"இனி என்னட்டைச் சொல்லும், பிள்ளை. முதலிலையிருந்து, ஒண்டும் விடாமல்."