மறைத்து நின்ற மிஸ்

“எம் பொண்ணு இன்னா திருடியா? அவ பெஞ்சு பக்கத்துலயே போலீசு மாதிரி நிக்குது அந்த சரிதா மிஸ்சு!”

உப்பளத்துப் பள்ளிக்கூடத்தின் குழாயடியில் குடத்தை ‘டொம்’மென்று வைத்தாள் தனம்.

கூட வேலை செய்யும் சின்னப்பாப்பா சிரித்தாள். “மார்க்கு வாங்காத புள்ள காப்பியடிக்கும்னு ஒரு நெனப்பு. வேற இன்னா?”

“இது மட்டுமா? மூணு மாசமா சாப்பாட்டு நேரத்துல லேபுல உக்கார வெச்சி இம்போசிஷன் வேற. புள்ள சோத்தை அள்ளிப் போட்டுக்கினு ஓடுது.”

தனம் அந்தப் பள்ளியில் பெருக்கித் துடைக்க வந்ததே மகள் கவிநிலாவுக்காகத்தான். ஒன்பதாவது படிக்கிறாள். விடிகாலை நாலரைக்கு எழுந்து புத்தகத்தை எடுத்தால் வைக்க மாட்டாள். தனம் மீன் கழுவும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தை ஒரு வரி விடாமல் கதை மாதிரி சொல்வாள். வகுப்பில் சந்தேகம் என்றால் பிள்ளைகள் அவளிடம்தான் வருவார்கள்.

மார்க் மட்டும் வராது. அரையாண்டில் அறிவியல் முப்பத்தெட்டு. பாதிப் பேப்பர் வெள்ளை.

“டைம் பத்தலம்மா.” எப்போது கேட்டாலும் இதே பதில்.

முழு ஆண்டில் ஐம்பதைத் தாண்டவில்லை என்றால் டி.சி.தான் என்று ஹெட்மாஸ்டர் விஜயராகவன் சொல்லிவிட்டார். பத்தாவது ரிசல்ட் கெடக் கூடாதாம்.

இன்றைக்குக் கடைசிப் பரீட்சை. காலையில் தோசைத் தட்டுக்குக் கை நீட்டியவளை, “சோத்துக் கையால வாங்குடி, நல்ல நாளும் அதுவுமா” என்று ஒரு தட்டு தட்டித்தான் அனுப்பியிருந்தாள் தனம்.

வெயில் கொளுத்தியது. அரைமணிக்கு ஒரு தரம் ஹாலுக்குத் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

இன்றைக்கும் அதே கதைதான். மூன்றாவது பெஞ்சை அடைத்துக்கொண்டு நின்றிருந்தார் சரிதா மிஸ். மகளின் தலைப்பின்னல் மட்டும் தெரிந்தது.

“கவி, தண்ணி...” என்று நெருங்கினாள்.

மிஸ் சட்டென்று திரும்பினார். “டம்ளரை இப்படிக் குடுங்கக்கா. நான் குடுத்துக்கறேன். நீங்க அந்த வரிசையப் பாருங்க.”

பெத்தவள் கையால் ஒரு வாய் தண்ணீர் கொடுக்கக் கூடாதா? தனம் டம்ளரை நீட்டிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

பத்து நாள் கழித்து ஹெட்மாஸ்டர் கூப்பிட்டனுப்பினார். அறையில் சரிதா மிஸ் நின்றிருந்தார். சுவர் ஓரமாகக் கவிநிலா, ஒரு கையைத் துப்பட்டாவுக்குள் செருகிக்கொண்டு.

மேஜையில் இரண்டு பேப்பர்கள்.

“இது அரையாண்டு. முப்பத்தெட்டு. இது இப்ப எழுதினது. எண்பத்தாறு. கையெழுத்தைப் பாரும்மா.”

தனத்துக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் தெரிந்தது. ஒன்று கோழி கிளறின குப்பை. இன்னொன்று வரிசை பிசகாமல் சாய்ந்து நின்றது.

“இது வேற யாரோ எழுதின பேப்பர். மிஸ் அந்தப் பெஞ்சை விட்டு நகரலன்னு பசங்க சொல்றாங்க. தண்ணி குடுக்கப் போனியே, நீ பாத்தியா?”

ஆமாம் என்றால் எண்பத்தாறும் போகும், படிப்பும் போகும். கவிநிலா அம்மாவையே பார்த்தாள்.

“எம் புருஷன் கடல்ல இருக்காரு சார்” என்றாள் தனம். “நான் பொய் சொன்னா அவருக்கு ஆவாது. பாத்தேன். அஞ்சு பரீட்சையும் மறைச்சிக்கினுதான் நின்னுச்சு.”

ஹெட்மாஸ்டர் நாற்காலியில் சாய்ந்தார். “அப்ப பொண்ணுக்கு டி.சி.தான். மிஸ், உங்களுக்கும் நாளையிலிருந்து இங்க வேலை இல்ல.”

சரிதா மிஸ்ஸின் குரல் உயரவில்லை. “இங்கயே எழுதச் சொல்லிப் பாருங்க சார்.”

ஹெட்மாஸ்டர் ஒரு கேள்வியைச் சொன்னார். கவிநிலா வலது கையில் பேனாவை எடுத்தாள். ஒரு வரிக்கு ஒரு நிமிஷம் ஆனது. அதே கோழிக் கிளறல்.

“போதுமா மிஸ்?”

“கவி, பயப்படாத. லேபுல எழுதற மாதிரி அந்தக் கையால எழுது.”

கவிநிலாவின் துப்பட்டாவுக்குள்ளிருந்து இடது கை மெல்ல வெளியே வந்தது. விரல் மூட்டில் கரண்டி பட்ட பழைய தழும்பு.

பேனா ஓடியது. மளமளவென்று நாலு வரி. எண்பத்தாறு வாங்கிய அதே எழுத்து.

தனத்தின் கை தானாக ஓங்கியது. “பீச்சாங்கையிலயாடி எழுதற? ஒண்ணாவதுலேர்ந்து எத்தினி தபா அடிச்சிருக்கேன், போற எடத்துல நாலு பேரு...”

கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. கவிநிலா கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். பேனாவை விடவில்லை.

ஹெட்மாஸ்டர் தாளை வாங்கிப் பார்த்தார். இரண்டு தரம் பார்த்தார். “இதை முன்னாடியே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே மிஸ்! இடது கையால எழுதறது என்ன குத்தமா? இதுக்குப் போயி எதுக்கு அப்படி மறைச்சிக்கிட்டு நின்னீங்க?”

தனத்தின் ஓங்கிய கையை மிஸ் பிடித்து மெதுவாக இறக்கினார்.

“பேப்பரை நான் யார்கிட்டயும் மறைக்கல சார். தண்ணிக் குடத்தோட அவங்கம்மா வரும்போதெல்லாம், கவியோட இந்தக் கையத்தான் மறைச்சேன்.”