ஒரே ஒரு பீரியட்

இந்தப் பள்ளியின் விளையாட்டு வரலாறு பொன்னெழுத்துகளில் பொறிக்கப்பட வேண்டியது என்று தாளாளர் மைக்கில் முழங்கினார்.

அந்த வரலாற்றின் பெரும்பகுதி கணக்குப் பாடமாகவே நடந்து முடிந்திருந்தது.

நடத்தியவர் கணக்கு வாத்தியார் ஆத்தப்பன். இன்று ஓய்வு பெறுகிறார். ரோஜா மாலைக்கு மேலே அவருடைய கண்ணாடி மட்டும் தெரிந்தது.

கடைசி வரிசையில் பி.டி. டீச்சர் நிர்மலா விசில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஆத்தப்பன் வந்து நின்றார். “டீச்சர், ஒரே ஒரு பீரியடு குடுங்க. போர்ஷன் முடியலீங்க.” அவ்வளவு மரியாதையாகக் கேட்டால் எப்படி இல்லை என்பது? அன்று போன பீரியட் திரும்பவே இல்லை. அவருடைய போர்ஷனும் எந்த வருஷமும் முடியவில்லை.

தேர்ச்சி விகிதத்துக்கு அவருக்குச் சால்வை. குடியரசு தினத்தில் அட்டென்ஷன் சொல்ல மட்டும் நிர்மலா.

பீரியட் பறிபோகும்போதெல்லாம் அவள் விளையாட்டுச் சாமான் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். பாவம், உள்ளே அழுகிறாள் என்று மற்ற டீச்சர்கள் பேசிக்கொண்டார்கள்.

இன்று கைதட்டுவதற்காக ஒன்பதாம் வகுப்பைத் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். டைம்டேபிள்படி அவர்களுக்கு அது விளையாட்டுப் பீரியட். இந்த நேரத்துக்குத்தான் அவள் காத்திருந்தாள்.

ஆத்தப்பன் தொண்டையைச் செருமி, ஏற்புரைக் காகிதத்தைப் பிரித்தார்.

நிர்மலா மேடையேறிக் கைகூப்பினாள். “ஒரே ஒரு பீரியடு குடுங்க சார். போர்ஷன் முடியலீங்க.”

விசில் அடித்தாள்.

பிள்ளைகள் செருப்புகூடப் போடாமல் ஓடினார்கள். அரங்கத்தில் தாளாளரும் சில டீச்சர்களும் பாதியில் நின்ற கைதட்டலும் மிஞ்சின. ஆத்தப்பன் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்ததை அவள் நின்று நிதானமாகப் பார்த்தாள். இத்தனை வருஷக் காந்தல் அடங்கியது.

சாமான் அறை வாசலில் பிள்ளைகள் பந்து கேட்டுக் குதித்தார்கள். மாலையைக் கழற்றாமலே ஆத்தப்பனும் வந்து சேர்ந்தார். பின்னாலேயே தாளாளர்.

“எனக்கும் ஒரு பந்து குடுங்க டீச்சர். ஒரு உதை உதைச்சுட்டு ஊட்டுக்குப் போறேன்.”

ஜெயித்த மிதப்பில் பூட்டைத் திறந்து கதவைத் தள்ளிய பிறகுதான் நிர்மலாவுக்கு ஞாபகம் வந்தது.

உள்ளே பந்து எதுவும் இல்லை. ஒரு ஸ்டூல், ஒரு கத்தரிக்கோல், பீஸுக்கு இவ்வளவு கூலி என்று தையல் பிசிறு வெட்டித் தர அவள் கம்பெனியிலிருந்து வாங்கி வைத்திருந்த பனியன் மூட்டைகள் கூரை வரை.

பாதிக்குத்தான் வெட்டியிருந்தது.