எட்டிப் பார்க்காத கவுன்சிலர்

"அஞ்சு வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்தத் தெருப் பக்கம் எட்டிப் பார்த்திருப்பீங்களா? ஓட்டுன்னதும் மட்டும் வழி தெரிஞ்சுதாக்கும்!"

கதவைத் திறந்த வீட்டுக்காரம்மா, கும்பிட்ட கையைக்கூடக் கவனிக்கவில்லை. எடுத்த எடுப்பிலேயே பொரிந்து தள்ளினாள்.

கவுன்சிலர் கும்பிட்டபடியே நின்றாள். பக்கத்தில் குடையோடு நின்ற அவளுடைய அக்காவுக்குத்தான் சுருக்கென்றது.

அக்கா வெளியூர்க்காரி. தையல் கடையை ஒரு வாரம் பூட்டிவிட்டுத் தங்கைக்கு ஓட்டுக் கேட்க வந்திருந்தாள். போன தேர்தலில் தங்கை கரையேறியது பதினெட்டே ஓட்டில். இந்தத் தெருவில் மட்டும் எண்பது ஓட்டு. எதிர்த்து நிற்பவரோ பழைய கவுன்சிலர். இங்கே சறுக்கினால் அவ்வளவுதான்.

தூறல் வலுத்தது.

"நனையாதீங்க, உள்ள ஏறி நில்லுங்க" என்றாள் வீட்டுக்காரம்மா. திட்டுவதற்கும் உபசாரத்துக்கும் அவளிடம் ஒரே குரல்தான்.

இருவரும் வராந்தாவில் ஒதுங்கினார்கள்.

"பழைய கவுன்சிலர், அவர் மனுஷர்! கூப்பிடாமலே வருவார். என் பொண்ணு அப்ப கைக்குழந்தை. அவளைத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டுத் தெருமுனை வரைக்கும் நடந்தார். போர்வை கொடுத்தார், ரொட்டி கொடுத்தார். வருஷா வருஷம் வந்தாரும்மா. நீங்க?"

"அவர் செஞ்சது பெரிய உதவிங்க. அதை யாரும் மறக்கக் கூடாது" என்றாள் தங்கை.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதிராளிக்கே ஓட்டுக் கேட்டுக் கொடுப்பாள் போலிருக்கிறதே! முந்திக்கொண்டு பேசினாள்.

"எங்க தங்கச்சி சும்மா இருக்கலைங்க. பின்னாடி சதுப்பு நிலத்தை மூடிக் கடைத்தெரு கட்டப் பார்த்தாங்க. கோர்ட்டு வரைக்கும் போய் நிறுத்தினா. அதுல கொட்டியிருந்த கட்டட இடிபாட்டையெல்லாம் லாரி லாரியா அள்ள வச்சா…"

தங்கை போனில் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். அந்தச் சேற்று நிலத்துக்காக இவள் ஏன் அப்படி அலைந்தாள் என்பது அக்காவுக்கே முழுசாகப் புரிந்ததில்லை.

"தெரியுமே! தவளைக்கு வீடு வேணும்னு சண்டை போட்டாங்களே! ஊர்ல எல்லாரும் இவங்களைத் தவளை கவுன்சிலர்னுதான் சொல்றாங்க. அதுங்க கத்துற கத்துல எங்களுக்குத் தூக்கம் போச்சு. தவளைக்கு ஓட்டு இருக்கா? இருந்தா அதுங்ககிட்டயே போய்க் கேளுங்க."

உள்ளே யாரோ சிரித்தார்கள்.

மழை இப்போது கொட்டியது. கூரைத் தகரத்தின் இரைச்சலுக்கு மேல் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. வீட்டுக்காரம்மா சளைக்கவில்லை. தெரு விளக்கு எரியவில்லை, குப்பை வண்டி நேரத்துக்கு வருவதில்லை, நாய்த் தொல்லை… ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். தங்கை நோட்டை எடுத்து, விளக்குக் கம்பத்தின் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

உள்ளேயிருந்து ஏழு வயதுப் பெண் ஓடி வந்து மழையில் கையை நீட்டினாள்.

"உள்ள போடி, சளி பிடிக்கும்!" என்று அதட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள் அம்மாக்காரி. கடைசியில் சொன்னாள்:

"எனக்கு மூடி மறைச்சுப் பேசத் தெரியாது. எங்க ஓட்டு அவருக்குத்தான்."

"நல்லதுங்க. வரேன்" என்று கும்பிட்டுவிட்டுத் தங்கை இறங்கினாள். அந்தச் சின்னப் பெண்ணைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

கேட்டைத் தாண்டியதும் அக்கா வெடித்தாள்.

"ஏன்டி, உன் நாக்கு எங்க போச்சு? அவ அந்த வாங்கு வாங்குறா, நீ இளிச்சுக்கிட்டு நிக்கிற!"

"பழைய கவுன்சிலர் அந்தக் குழந்தையை ஏன் தோள்ல தூக்கிட்டுப் போனார்னு யோசிச்சியாக்கா?"

"ஏன்?"

"கீழே இடுப்பளவு தண்ணி. சதுப்பு நிலம் முழுக்க இடிபாட்டைக் கொட்டி அடைச்சிட்டாங்க. மழைத் தண்ணி போக இடமில்லாம வருஷா வருஷம் இந்த வீடுகளுக்குள்ளதான் புகுந்துச்சு. முதல் தூறல் விழுந்ததுமே பெட்டி, பாத்திரம், படுக்கை எல்லாத்தையும் கட்டில் மேல ஏத்திட்டு, பிள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு ஓடுவாங்க. நிலத்தைச் சுத்தம் பண்ணின பிறகு ஒரு சொட்டுகூட உள்ள வரலை. தண்ணி வரலை, அதான் நானும் வரலை."

அக்கா தெருவைப் பார்த்தாள். ஓர வாய்க்காலில் வெள்ளம் பின்பக்கத்து நிலத்தை நோக்கி விறுவிறுவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"அடிப்பாவி! இதை அங்கேயே சொல்லியிருந்தா ஓட்டு உனக்குத்தானேடி!"

"எப்படிச் சொல்றது? அந்தப் பொண்ணு பக்கத்துலயே நிக்கிறா. ஆசையா மழையில கை நீட்டுறா. அவங்க மறந்துபோன பயத்தைக் கிளறிவிட்டுத்தான் நான் ஜெயிக்கணுமா?"

அக்கா குடையைத் தங்கை பக்கம் சாய்த்துப் பிடித்தாள். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசில்லை.

"அதுக்காக இத்தனை பேச்சையும் வாங்கிக் கட்டிக்கிட்டு வரணுமா? உனக்குன்னு ஒரு பெருமை வேண்டாமா?"

தங்கை அடுத்த வீட்டுக் கேட்டைத் தட்டிக்கொண்டே சொன்னாள்.

"இதைவிட என்னக்கா பெருமை? இப்படிக் கொட்டுற மழையில, ஒரு சாமானைக்கூட மேல எடுத்து வைக்காம, அரை மணி நேரம் நிதானமா நின்னு என்னைத் திட்டினாங்களே!"