வழியனுப்பும் பொன்னாடை

பூங்கோதைக்கு ஏழாவது பொன்னாடை போர்த்தும்போது மின்சாரம் போனது. மே மாதத்து நண்பகல், தகரக்கூரை அரங்கு. வெயில் மனித உடலை என்ன செய்கிறது என்று ஆராய்ந்தே தலை நரைத்தவள் அவள். உச்சிவேளையில் கட்டட வேலையை நிறுத்த வேண்டும் என்று அவள் பரிந்துரைத்தபோது, "வெயில் நமக்குப் பழக்கம்தானே மேடம்" என்று சிரித்துக்கொண்டே அதைக் கிடப்பில் போட்டவர் துறை இயக்குநர் கஜபதி. அந்தக் கோடையில் சாரத்திலிருந்து இறக்கிய உடல்களை அவள் பிணவறையில் போய்ப் பார்த்தாள். இன்று அவளுக்குப் பிரிவு உபசார விழா நடத்துவதும் கஜபதிதான். தொல்லை ஒழிந்த சந்தோஷத்தில் வரிசையாக வந்து போர்த்தியவர்கள், அன்று அவரோடு சேர்ந்து இளித்தவர்கள். சரிகை கழுத்தை அறுத்தது. அவள் ஒன்றைக்கூடக் கழற்றவில்லை.

"மைக் இல்லாட்டி என்ன, ரெண்டு வார்த்தை பேசுங்க மேடம்" என்றார் கஜபதி, கைக்குட்டையால் விசிறிக்கொண்டே.

அவள் மேலே கிடந்த பொன்னாடையை எடுத்து உதறி அவர் தோளில் போர்த்தினாள். கூட்டம் கைதட்டியது. அடுத்ததையும் போர்த்தினாள். புகைப்படக்காரர் நெருங்கி வந்தார். ஐந்தாவதில் கஜபதியின் சிரிப்பு வற்றியது.

"போதும் மேடம், மூச்சு முட்டுது" என்று முணுமுணுத்தார்.

கடைசியையும் போர்த்தி, அதன் இரண்டு முனைகளையும் அவர் தொண்டைக்குழியருகே சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பழக்கம்தானே சார்" என்றாள். "கேமராவப் பாத்துச் சிரிங்க."