கருகாத முறுக்கு

“மெஷின்ல கை வச்சது யாரு? உண்மையச் சொல்லுங்க!”

முதலாளி தேவன் பட்டறையில் எல்லாரையும் பொதுவாகத்தான் கேட்டார். ஆனால் அவர் கண் செல்லாயி அக்கா மேல்தான் இருந்தது. மெஷின் கேமராவை ஒட்டி ஒரு முக்காலி கிடந்தது. மாவு பிசைகிற பெண்கள் அந்த முக்காலியைப் பார்த்தார்கள். பிறகு அவர்களும் செல்லாயியைப் பார்த்தார்கள்.

சிலிபின் வட்டாரத்தில் தேவனின் முறுக்குப் பட்டறையைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரியாதவர்களுக்கு அவரே தெரியப்படுத்திவிடுவார். போன வாரம் ஏஐ மெஷின் வாங்கியதிலிருந்து மனிதரைப் பிடிக்கவே முடியவில்லை.

ஓடும் பெல்ட்டுக்கு மேலே ஒரு கேமரா. கீழே போகிற முறுக்கு கருகியிருந்தால் அது கண்டுபிடித்துவிடும். உடனே ஓர் இரும்புக் கை வந்து அதைக் கூடைக்குள் தள்ளும். தேவன் இதைப் படம் பிடித்து பேஸ்புக்கில் போட, தைப்பிங்கிலிருந்துகூடத் தொழில்காரர்கள் வந்து பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார்கள்.

பதினெட்டு வருடமாக அந்த வேலையைத் தன் கண்ணாலேயே செய்துவந்தவர் செல்லாயி. “ஒரு மாசம் அக்காவும் பக்கத்துல நின்னு பார்க்கட்டும்ணே. மெஷின் தப்பு பண்ணா சொல்றதுக்கு ஆள் வேணும்ல?” என்று, மெஷினைப் பொருத்திய சுரேன் படித்துப் படித்துச் சொன்னான். தேவன் கேட்டால்தானே! மறுநாளே அக்காவை லேபல் ஒட்டும் வேலைக்கு மாற்றிவிட்டார்.

ஐந்து நாள் மெஷின் சமர்த்தாக இருந்தது. இன்று காலை, வந்த முதல் முறுக்கையே கூடைக்குள் தள்ளியது. இரண்டாவதையும் தள்ளியது. முந்நூறு முறுக்கு போன பிறகும் அதற்கு ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. தீபாவளிச் சரக்கு ஏற்றப் பன்னிரண்டு மணிக்கு லூமுட்டுக்குப் போகும் லாரி வந்துவிடும். இங்கே ஒரு டின்கூட நிரம்பவில்லை.

“வேலை போயிடும்னு பயந்துகிட்டு ஏதோ பண்ணிட்டீங்க. ஒத்துக்குங்கக்கா.”

“நான் எதுக்கு லா தம்பி அதைத் தொடப் போறேன்? நான் உண்டு, என் லேபல் உண்டுன்னு இருக்கேன்.”

“நேத்து கதவப் பூட்டுனது நீங்கதானே? பின்ன மெஷின் சும்மாவா கெட்டுப்போகும்? சாவிய வச்சிட்டுக் கெளம்புங்க!”

செல்லாயிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தை நிர்வாகம் விற்று, லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னபோதுகூட அவர் இப்படி உடைந்து போனதில்லை. அங்கே அவர் மேல் யாரும் பழி போடவில்லை. கதவு நிலைக்கு மேலே ஆணியில் தொங்கிய சாவியை நின்றபடியே எடுத்து மேசைமேல் வைத்தார்.

அப்போதுதான் சுரேன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். லேப்டாப்பைத் திறந்து, மெஷின் காலையிலிருந்து எடுத்த படங்களைப் பார்த்தான். எல்லா முறுக்கிலும் கருப்பாக ஒரு திட்டு.

“மெஷின் சரியாத்தாண்ணே சொல்லுது. எல்லாம் கருகியிருக்கு.”

“எங்க கருகியிருக்கு?” தேவன் கூடையிலிருந்து ஒன்றை எடுத்து நறுக்கென்று கடித்தார். பொன்னிறம். குறை சொல்ல ஒன்றுமில்லை. “அலமாக்! நல்லாத்தானே இருக்கு!”

வாசல்வரை போய்விட்ட செல்லாயி திரும்பி வந்து, சுரேனின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பதினெட்டு வருடப் பழக்கம் லேசில் விடுமா?

“கருகுனா ஒண்ணு ஓரத்துல கருகும், ஒண்ணு நடுவுல கருகும். முந்நூறு முறுக்கும் பேசி வச்ச மாதிரி ஒரே எடத்துலயா லா கருகும்?”

சுரேன் படங்களை வேகமாக ஓட்டினான். முறுக்குகள் மாறிக்கொண்டே இருந்தன. கருப்புத் திட்டு மட்டும் அசையவில்லை.

“அக்கா சொல்றதுதான் சரி! கருப்பு முறுக்குல இல்ல, கேமராவுல இருக்கு!” அவன் முக்காலியில் ஏறி, கேமராக் கண்ணாடியை டிஷ்யூவால் அழுத்தித் துடைத்தான். டிஷ்யூ கருத்துப் போனது. பெல்ட்டை ஓட விட்டதும் முறுக்குகள் நல்ல பிள்ளைகளாக டின்னில் போய் விழுந்தன.

“பார்த்தியா, நான் சொன்னேன்ல!” தேவன் குதித்தார். “வேணும்னே கரியப் பூசியிருக்காங்க! நான் போலீஸ்ல ரிப்போர்ட் போடறேன்!”

சுரேன் டிஷ்யூவை மோந்து பார்த்தான். “கரி இல்லண்ணே. விளக்கெண்ணெய் வாசம் வருது. இது கண் மை.”

தேவன் வாயை மூடிக்கொண்டார். சிலிபின்காரர்கள் அதுவரை காணாத காட்சி அது.

“இப்பக் கூப்பிடுங்க போலீஸ,” என்றார் செல்லாயி. “யாரு வச்சதுன்னு தெரியாம நான் வாசலைத் தாண்டமாட்டேன். பழி என் தலையில கெடக்கு.”

தேவன் மேசைமேல் இருந்த சாவியை எடுத்தார். தலையை நிமிர்த்தாமலேயே அதைச் செல்லாயியின் கையில் வைத்தார்.

“நான்தான்க்கா வச்சேன்… திருஷ்டிப் பொட்டு வைக்க அதுக்கு வேற மூஞ்சி ஏது லா?”